பாத்துப் பண்ணுங்க

செப்டம்பர் 9, செவ்வாய்

காலை 10.40. ஆறாம் பிரஸ்ஸில் விபத்து. ஆபரேட்டர் கலாமணி. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. ஹெச்.ஆர். மேலாளர் ஹேமலதா ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனார். லாரி 12.15க்குக் கிளம்பியது, நாற்பது பெட்டி குறைவாக.

மாலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. வாஷர் சரியில்லை. வேறு போட்டுக் கொடுக்கும்வரை அந்த ஆளை விடவில்லை.

செப்டம்பர் 10, புதன்

தொழிற்சாலை ஆய்வாளர் வந்துபோனார். அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். இன்னும் நாலு பேர் கேட்பார்கள், எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும்.

எங்களுடையது கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் அடிக்கும் பிரஸ் ஷாப். கோயமுத்தூருக்குத் தெற்கே, பொள்ளாச்சி ரோட்டை விட்டு உள்ளே. பிரஸ் பதினான்கு. நான் உற்பத்தி மேலாளர், வயது ஐம்பத்திரண்டு, இங்கே இருபத்து மூன்று வருடம். ஒவ்வொரு பிரஸ்ஸின் முன்னாலும் இரண்டு பக்கம் சென்சார் கம்பங்கள் உண்டு. நடுவே கை போனால் பிரஸ் அப்படியே நின்றுவிடும். எங்கள் ஆட்கள் அதைக் கண் என்பார்கள். டை, அதாவது தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு, மாற்றும்போது மட்டும் ஒரு சாவியைத் திருப்பி அதை நிறுத்தி வைக்கலாம். அதற்குக் கண் மூடுவது என்று பெயர். சாவி, மெயின்டனன்ஸ் மேலாளர் ஆரோக்கியதாஸிடம் இருக்கும். சாவி எடுத்தால் நோட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும், ஒன்று அவருடையது, இன்னொன்று என்னுடையது.

நேற்று டை மாற்றவில்லை. உற்பத்தி ஓடிக்கொண்டிருந்தது. சாவி எடுக்கப்பட்டிருக்கிறது. கண் மூடப்பட்டிருக்கிறது. நோட்டில் ஆரோக்கியதாஸின் கையெழுத்து மட்டும் இருக்கிறது.

ஆய்வாளர் என்னைக் கேட்டார், "உங்களுக்குத் தெரியுங்களா?"

"நான் அப்ப டிஸ்பாட்ச்ல இருந்தேங்க" என்றேன். டிஸ்பாட்ச்சில்தான் இருந்தேன்.

அவர் சாவி நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எம்.டி. மிருதுளா எங்கள் நான்கு துறைத் தலைவர்களையும் கூப்பிட்டார்: நான், ஆரோக்கியதாஸ், ஹேமலதா, குவாலிட்டி வெங்கடபதி. மிருதுளாவின் அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பள்ளிக்கூட யூனிஃபார்மோடு வந்து என் மேஜையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண். அப்போது அங்கிள், இப்போது மணி சார். "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது, சாப்பிட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

போன் மெதுவாக இருக்கிறது என்று பழைய படங்கள், வந்த அழைப்புகள் எல்லாவற்றையும் அழித்தேன். சிறுவாணித் தண்ணீர் இன்றும் வரவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

கலாமணியைப் பார்க்கப் போனேன். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டேன். அந்த மூடியை ஒரு கையால் திறக்க முடியாது என்பது அங்கே போய்க் கொடுத்த பிறகுதான் உறைத்தது.

கட்டு முழங்கை வரைக்கும் இருந்தது. கலாமணிக்கு முப்பத்தொன்பது வயது, எங்களிடம் பதினோரு வருடம். எழுந்து உட்காரப் பார்த்தார், வேண்டாம் என்றேன்.

"ஆறாம் நம்பர் ஓடுதுங்களா சார்?"

"இல்ல. நிறுத்தி வெச்சிருக்கு."

"அன்னிக்கு ஆரோக்கியம் சார் சாவியோட வந்தாருங்க. நானு ஸ்டூல உட்டு..."

"இப்ப ஒண்ணும் பேசாதீங்க கலாமணி. நல்லா ரெஸ்ட் எடுங்க. எல்லாம் கம்பெனி பாத்துக்கும்."

நிறுத்திக்கொண்டார். சாப்பாடு எப்படி, ஃபேன் ஓடுகிறதா என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். பேசினால் அவருக்கு வலிக்கும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

செப்டம்பர் 13, சனி

ஆரோக்கியத்தைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

மிருதுளாவின் அறையில் எல்லோரும் இருந்தோம். "சாவி போட்டது யாருங்க?" என்று மிருதுளா கேட்டார். சுற்றி வளைத்து ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். ஆரோக்கியம், "நான்தான் மேடம் போட்டேன்" என்றார். சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 11.05.

பத்தொன்பது வருடமாக ஒரே மேஜையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறோம். மதியம் அவர் இடத்தில் வெங்கடபதி வந்து உட்கார்ந்தார். "நல்ல மனுசன்தான், என்ன பண்றது, அவசரப்பட்டுட்டாரு" என்றார். நான் "ம்" என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மூன்று அறை ஃபேன்களையும் கழற்றித் துடைத்தேன். என் மனைவி கோகிலவாணி கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "பாத்து" என்றாள்.

ஒரு விஷயம் எழுதி வைக்க வேண்டும். 'பாத்துப் பண்ணுங்க' என்பது ரொம்பச் சாதாரணமான வார்த்தை. கவனமாக இருங்கள் என்று அர்த்தம். எங்கள் கம்பெனியில் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழும். விளிம்பில் பிசிர் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று வெங்கடபதியைக் கேட்டால், "பாத்து அனுப்புங்க" என்பார். லீவு இல்லாதவர் லீவு கேட்டால் ஹேமலதா, "பாத்துப் போட்டுக்கங்க" என்பார். மிருதுளாவின் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். எங்களில் யாரும் யாருக்கும் முடியாது என்று சொல்வதில்லை. சரி என்றும் சொல்வதில்லை. யாருக்கும் மனத்தாங்கல் வராமல் இத்தனை வருடம் ஓடியது அதனால்தான்.

ஆக, ஒருவர் போன் பண்ணி, "கண்ணு சும்மா சும்மா நிக்குதுங்கண்ணா, லாரி காத்திட்டிருக்கு, என்ன பண்ணட்டும்?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இன்னொருவர், "பாத்துப் பண்ணுங்க" என்றால் அது எச்சரிக்கையாகவும் இருக்கலாம். பொதுவாகச் சொல்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

தினமும் 8.45க்கு நின்றுகொண்டே பேசும் மீட்டிங் எங்களுடையது. இன்று மிருதுளா ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார்.

"ஒரே ஒரு வரி எழுதுங்க. 'நான்'னு ஆரம்பிக்கணும். உங்க தப்பு மட்டும். அடுத்தவங்க பேரு வரக்கூடாது. நம்ம அஞ்சு பேருக்குள்ள இது முடியலேன்னா கீழ இருக்கற முந்நூறு பேர்கிட்ட நாம எதையும் கேக்க முடியாது."

அஞ்சு பேர் என்றார். நாலு பேர்தான் நின்றோம். பீரோ ஓரத்தில் ஆரோக்கியம் நிற்கும் இடத்தை யாரும் நகர்ந்து அடைக்கவில்லை.

ஒரு வரிக்கு இருபது நிமிடம் ஆனது. ஹேமலதா, "நான் ஜூன் மாதப் பாதுகாப்புப் பயிற்சியைத் தள்ளிப்போட்டேன், இதுவரை நடத்தவே இல்லை" என்று எழுதியிருந்தார். வெங்கடபதி, "நான் எல்லோரையும் அளவுக்கு மீறி நம்பிவிட்டேன்" என்று எழுதியிருந்தார். வேறு நாளாக இருந்தால் ஒரு வாரத்துக்கு அவரை ஓட்டியிருப்பேன்.

என்னுடையது: "நான் மேற்பார்வையில் ஏற்பட்ட கவனக்குறைவுக்கு வருந்துகிறேன்."

மிருதுளா இரண்டு தடவை படித்தார். "ஏற்பட்டதுன்னா? அதுவா வந்து ஏற்பட்டுச்சுங்களா மணி சார்?"

"எழுதறப்ப அப்படி வந்துருச்சுங்க."

"வந்துருச்சு" என்று அவரும் சொன்னார். தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 18, வியாழன்

பல் டாக்டர். கடைவாய்ப் பல்லுக்கு மூடி போட்டார். வலித்தால் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

சென்சார் கம்பெனியிலிருந்து ஆள் வந்து ஆறாம் பிரஸ்ஸைப் பார்த்தார். கேபிள் முனை லூஸ். அதிர்வில் விட்டு விட்டுப் பிடிக்கிறது, அதனால்தான் சும்மா சும்மா நின்றிருக்கிறது. பதினைந்து நிமிட வேலை. பிரஸ்ஸைக் கழற்றி மாட்ட நாலு மணி நேரம்.

மெயின்டனன்ஸ் ஃபைலில் இருந்த மூன்று கோரிக்கைச் சீட்டை வெங்கடபதி கொண்டுவந்து காட்டினார். ஆகஸ்ட் 18, ஆகஸ்ட் 25, செப்டம்பர் 1. மூன்றிலும் ஆரோக்கியத்தின் எழுத்து: "ஆறாம் பிரஸ் கண் சரியில்லை. நாலு மணி நேரம் நிறுத்தித் தரவும்." மூன்றின் மேலும் பச்சை மையில், "அடுத்த வாரம் பார்க்கலாம்."

பச்சை மைப் பேனா கம்பெனியில் இரண்டு பேரிடம் இருக்கிறது. இன்னொன்று வெங்கடபதியுடையது. பிரஸ்ஸை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை.

அவர் சீட்டுகளை என்னிடமே கொடுத்துவிட்டு, "நீங்களே வெச்சுக்கங்க, பாத்துக்கங்க" என்றார். டிராயரில் வைத்தேன். கிழிக்கவில்லை. கிழிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை, எடுத்துக் காட்ட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

போத்தனூர் போனேன், ஆரோக்கியம் வீட்டுக்கு. அவர் மனைவி ஸ்டெல்லா கதவைத் திறந்து, "உள்ள இருக்காரு" என்று மட்டும் சொன்னார். எப்போதும் வந்தவுடன் கோகிலவாணியைப் பற்றிக் கேட்பவர்.

ஆரோக்கியம் தரையில் நியூஸ்பேப்பர் விரித்து ஒரு மிக்சியைப் பிரித்து வைத்திருந்தார்.

"வாங்கண்ணா. பக்கத்து வீட்டுது. கார்பன் தேஞ்சுபோச்சு. சும்மாத்தானே இருக்கேன்."

மழையைப் பற்றிப் பேசினோம். அவர் பையனின் செமஸ்டரைப் பற்றி. ரயில்வே கேட்டில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்பதைப் பற்றி. ஸ்டெல்லா டீயை என் பக்கம் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனார்.

"வெள்ளிக்கிழமை விசாரணை வெச்சிருக்காங்க" என்றார் ஆரோக்கியம். "சாவி போட்டது நான்தான்னு கையெழுத்துப் போடணுமாம். அது நெசந்தானே, போட்டர்றேன். வேலை இருக்காது. கேசு என்ன ஆகும்னு தெரீல."

நான் டீயைக் குடித்தேன்.

"நீங்க போன்ல சொன்னத நான் சொல்லப்போறதில்லீங்கண்ணா. சொன்னா போட்டுக்குடுத்த மாதிரி ஆயிரும். சொல்லணும்னா நீங்களாத்தான் சொல்லணும்."

"நான் என்ன சொன்னேன் ஆரோக்கியம்? பாத்துப் பண்ணுங்கன்னுதானே சொன்னேன்."

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

"ஆமாங்க. அதத்தான் சொன்னீங்க. போன மாசம் மூணு தடவ அதையேதான் சொன்னீங்க. அதுக்கு மொத மாசம் ரெண்டு தடவ. அப்பல்லாம் மறுநா வந்து நோட்டுல கையெழுத்துப் போட்டீங்க. இந்தத் தடவ மறுநா நோட்டு இல்ல."

பிறகு மிக்சியை மூடி, பிளக்கைச் செருகி, ஓட்டிப் பார்த்தார். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. நன்றாக ஓடியது. நிறுத்தவில்லை. நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

நோட்டில் என் கட்டம் காலியாக இருப்பது நான் அனுமதி தராததால் அல்ல, நான் எப்போதும் தாமதமாகக் கையெழுத்துப் போடுகிறவன் என்பதால். இதை இங்கே எழுதிவிட்டேன். எழுதியும் ஒன்றும் ஆகவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

மதியத்துக்குக் கட்டிக் கொடுத்த சாதத்தை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வீட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்த கோகிலவாணி, "குழம்பு எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"நல்லா இருந்துச்சு."

"மூணு நாளா உப்பே போடலீங்க. வேணும்னுதான். நீங்களா ஏதாவது சொல்றீங்களான்னு பாத்தேன்."

நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

"ஆபீஸ்ல என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"அந்தப் பொண்ணுக்கு வெரல் போனது எனக்கும் தெரியும். அதுக்கு மேல ஒண்ணு இருக்குதுங்க" என்றாள். பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

செப்டம்பர் 24, புதன்

எழுத ஒன்றுமில்லை. நகம் வெட்டினேன். பத்து விரல்.

செப்டம்பர் 25, வியாழன்

8.45 மீட்டிங். வெங்கடபதி நேற்றைய ரிஜெக்‌ஷன் சதவீதம் சொல்லிக்கொண்டிருந்தார். குறுக்கே பேச வேண்டாம் என்று அவர் முடிக்கும்வரை நின்றேன். இரண்டு புள்ளி ஒன்று என்று முடித்தார்.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. மிருதுளா, "என்ன சொன்னீங்க சார்?" என்றார்.

"ஒம்பதாந்தேதி பத்து இருபதுக்கு ஆரோக்கியம் எனக்குப் போன் பண்ணுனாரு. கண்ணு அடிக்கடி நிக்குது, சாவி போட்டு ஓட்டட்டுமான்னு கேட்டாரு. போடுங்கன்னு சொன்னேன்."

"போடுங்கன்னேவா சொன்னீங்க?" இது வெங்கடபதி. அவர் எனக்கு ஒரு வழி திறந்துவிடுகிறார் என்று தெரிந்தது.

"இல்ல. பாத்துப் பண்ணுங்கன்னு சொன்னேன். போடுங்கன்னு சொல்றதுக்குப் பதிலாத்தான் அப்படிச் சொன்னேன். நாம எல்லாருமே அதுக்குத்தானே அப்படிச் சொல்றோம்."

வெங்கடபதி தரையைப் பார்த்தார். டிராயரிலிருந்து எடுத்து வந்திருந்த மூன்று சீட்டையும் மேஜைமேல் வைத்தேன். பச்சை மை என்னுடையது என்றேன். போனில் இருந்த அழைப்பை அழித்ததையும் சொன்னேன்.

"தெரிஞ்சேதான் அழிச்சீங்களா?" என்றார் மிருதுளா.

"ஆமா."

குரல் சரியாகத்தான் இருந்தது. ரிஜெக்‌ஷன் சதவீதம் சொல்வதுபோலச் சொல்லி முடித்தேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த மீட்டிங்கில் யாரும் உட்காருவதில்லை. மிருதுளா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "பதினாறு நாள் சார்" என்றார். யாரையும் பார்க்காமல், "அன்னிக்குக் காலைல லாரி போச்சா லாரி போச்சான்னு உங்களுக்கு ரெண்டு தடவ போன் பண்ணுனது நான். நானும் வெள்ளத்தாள் எடுத்தேன் அன்னிக்கு. இத எழுதல" என்றார்.

பிறகு திடீரென்று நிமிர்ந்து, "கலாமணிகிட்ட யாராவது கேட்டீங்களா? அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு?"

ஹேமலதா இன்சூரன்ஸ் படிவத்தில் அவர் கணவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். வெங்கடபதி போகவே இல்லை. மிருதுளா பூங்கொத்து அனுப்பினார். நான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். விரல் போனவரிடம் என்ன நடந்தது என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாரும் கேட்காமலே அவர் சொல்ல ஆரம்பித்தார், வாயை அடைத்துவிட்டு வந்தவன் நான். அதையும் சொன்னேன்.

"நீங்களும் ஹேமலதாவும் போங்க. அவங்க சொல்றத உக்காந்து கேளுங்க. நீங்க பேச வேண்டாம்" என்றார் மிருதுளா.

செப்டம்பர் 26, வெள்ளி

விசாரணை. ஆரோக்கியத்தின் பெயரும் என் பெயரும் அறிக்கையில் ஏறின. எனக்கும் மெமோ. ஆய்வாளருக்கும் மிருதுளாவே கடிதம் அனுப்பினார். விசாரணை முடியும்வரை உற்பத்தியை வெங்கடபதி பார்த்துக்கொள்வார். எனக்கு ஸ்டோர்ஸில் ஒரு மேஜை, பழைய டை வரைபடங்களை அடுக்கும் வேலை. திங்கட்கிழமையிலிருந்து ஆரோக்கியத்தை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள், மெமோ அவருக்கும் உண்டு.

கோகிலவாணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஸ்டெல்லா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றாள்.

செப்டம்பர் 29, திங்கள்

ஆரோக்கியம் வந்தார். ஸ்டோர்ஸ் பக்கம் வந்தபோது, "சாப்டாச்சுங்களாண்ணா?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பொய், எதிர்பார்த்தேன்.

ஸ்டோர்ஸ் ஃபேன் தலைக்கு மேல் ஆடுகிறது. கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"எழுதிக் குடுத்துருங்கண்ணா."

"ஃபேன்தானே ஆரோக்கியம்."

"எதுவா இருந்தாலும்."

கோபமாகச் சொல்லவில்லை. வழி சொல்வதுபோலச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் அவர் என்னிடம் ஒரு துண்டுச்சீட்டு கேட்டதில்லை. அந்தச் சாவி நோட்டும் கோரிக்கைச் சீட்டும் சட்டத்துக்காக வைத்திருந்தவை, எங்களுக்குள் வாய்ச்சொல்தான். எழுதினேன், தேதி போட்டேன், கையெழுத்தும் அப்போதே போட்டேன். வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுப் போனார். மதியம் ஒரு ஆள் வந்து ஃபேனைச் சரிசெய்துவிட்டுப் போனார். அவர் வரவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. சுந்தராபுரம் முழுக்க ரோட்டோரம் பூசணிக்காயும் பொரியும் குவிந்திருந்தன. ஹேமலதாவும் நானும் ஆட்டோவில் போனோம்.

கலாமணி வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. லைன் வீடுகள், வரிசையின் நடுவில் அவருடையது. எங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டு சிறியதாகிவிட்டது. அது இப்போது கையின் வடிவத்தைக் காட்டுகிறது. பார்த்தேன்.

ஹேமலதா அட்டையில் தாளை வைத்துக்கொண்டு, "அன்னிக்கு என்ன ஆச்சுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

"எட்டு வருசமா ஆறாம் நம்பர்தானுங்க. கண்ணு மூடுனா அந்தப் பச்ச லைட்டு அணஞ்சிரும், பாத்தாலே தெரியும். ஆரோக்கியம் சார் வந்து சாவி போட்டதும் நானு ஸ்டூல உட்டு எந்திரிச்சுட்டனுங்க. எனக்கு வேண்டாங்க சார், கண்ணு தெறந்தப்பறம் ஓட்டிக்கறேன்னு சொன்னனுங்க."

ஹேமலதாவின் பேனா நின்றது. "எந்திரிச்சுட்டீங்களா?"

"ஆமாங்க. அவருக்கும் மனசில்லீங்க, நின்னுட்டே இருந்தாரு. அப்பறம், மணி சார்கிட்டக் கேட்டாச்சும்மா, பாத்துப் பண்ணச் சொல்லீட்டாருன்னாரு. மணி சார் சொன்னாரான்னு கேட்டேன். ஆமான்னாரு. அப்பறம் என்னன்னு உக்காந்துட்டனுங்க."

என் பக்கம் திரும்பினார். குற்றம் சொல்கிற முகம் இல்லை. புரியாத ஒன்றைக் கேட்கிற முகம்.

"பதினோரு வருசத்துல நீங்க சொல்லி ஒண்ணும் தப்பாப் போனதில்லீங்களே சார்."

நான் வாயைத் திறந்தேன். பேச வேண்டாம் என்று மிருதுளா சொன்னது நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டேன். அது ஒரு சாக்கு. சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஒன்று வலித்தது.

ஹேமலதா எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். "மேலதிகாரியின் வாய்மொழி அனுமதி உள்ளதாகத் தெரிவிக்கப்பட்டதன் பேரில் நான் பணியைத் தொடர்ந்தேன்."

கலாமணி தாளை வாங்கினார். உதடு அசைய மெதுவாகப் படித்தார்.

"இதுல மணி சார் பேரு இல்லீங்களே."

"அது ஆபீஸ் பாஷைங்க. மேலதிகாரின்னா அவர்தான்."

"அப்பப் பேரையே எழுதிருங்க. பேரு இருந்தாத்தானுங்களே, எந்திரிச்சவ எதுக்கு மறுபடி உக்காந்தான்னு படிக்கறவங்களுக்குத் தெரியும். இல்லாட்டி எவளோ ஒரு கூறுகெட்டவ கண்ணு மூடுன மிசின்ல கையக் குடுத்தான்னுதான் நெனப்பாங்க."

ஹேமலதா என்னைப் பார்த்தார். "ச. தெய்வசிகாமணி" என்றேன். "ச, சதாசிவம்." அந்த வரியை அடித்துவிட்டு, "மணி சார் என்கிற ச. தெய்வசிகாமணி சொன்னதாக ஆரோக்கியதாஸ் சொன்னார். மணி சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி உட்கார்ந்தேன்" என்று எழுதினார். கலாமணி அதையும் படித்தார். தலையாட்டினார்.

ஹேமலதா பையிலிருந்து ஸ்டாம்ப் பேடை எடுத்தார். "இடது கட்டைவிரல் வெச்சாப் போதுங்க."

"பன்னெண்டாவது படிச்சிருக்கனுங்க" என்றார் கலாமணி.

பேனாவை இடது கையில் வாங்கினார். பிடி சரியாக வரவில்லை. இரண்டு தடவை மாற்றிப் பிடித்தார். முதல் எழுத்தைப் போடும்போதே தாள் நகர்ந்தது. அதை அழுத்திப் பிடிக்க அவருக்கு இன்னொரு கை வேண்டும். நான் நாற்காலியை விட்டு இறங்கிக் கட்டிலருகே மண்டியிட்டு, தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நாலு எழுத்து. ஒவ்வொன்றாக வந்தது. முடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.